டெபாசிட் வாங்காத கம்பெனி

நாற்பத்தாறாவது வயதில் பொன்னுரங்கத்துக்கு கார் டிரைவிங் லைசென்ஸ் கிடைத்தது. அன்றிலிருந்து அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். யாராவது பேனா கேட்டால், பேனாவோடு லைசென்ஸும் சேர்ந்து வெளியே வருகிற மாதிரி எடுத்துக் கொடுப்பார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை. குமராட்சிப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காரப்போகிற முதல் ஆளும் தாமே என்பதில் அவருக்குக் கூச்சம் கலந்த ஒரு பெருமை இருந்தது.

சொந்தமாகக் கார் கிடையாது. வாங்குகிற எண்ணமும் இல்லை. மே மாத விடுமுறையில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, மனைவி மங்கலத்தை ஏற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆசை அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் தனியாக எங்கேயும் போனதில்லை. போன இடத்துக்கெல்லாம் யாராவது கூட வந்தார்கள். முதலில் மாமியார், பிறகு குழந்தை, பிறகு மங்கலத்தின் தம்பி அருள்முருகன், அவனுக்குக் கல்யாணமான பிறகு அவன் பெண்டாட்டியும் பிள்ளைகளும். இப்போது மகள் எழிலரசி சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள். இதைவிட்டால் வேறு சமயம் வாய்க்காது.

"டிரைவர் வெச்சே போலாமே மங்கலம்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"வேணாங்க. முன்னாடி ஒரு ஆளு ஒக்காந்திருந்தா நாம எப்படிப் பேசிக்கிறது?" என்றாள் அவள்.

மங்கலம் அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். பகலெல்லாம் பிள்ளைகளின் சத்தத்திலேயே இருப்பவள். அப்படி என்ன பேச வேண்டும் என்று பொன்னுரங்கம் கேட்கவில்லை. காரில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

புதுச்சேரியில் இரண்டு இடங்களில் விசாரித்தார். அவர்கள் டெபாசிட்டாகக் கேட்ட தொகைக்கு ஒரு பழைய காரையே வாங்கிவிடலாம் போலிருந்தது. ஏற்காடு அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. போன டிசம்பரில் 'தானே' புயல் சாய்த்துவிட்டுப் போன பலகைகளில் ஒன்றை யாரோ நிமிர்த்தி, புது பேனர் கட்டியிருந்தார்கள். 'நம்பகம் ஹாலிடே கார்ஸ். டெபாசிட் வேண்டாம். நீங்கள் போதும்.' தலைமை அலுவலகம் சிதம்பரம், கிளை கடலூர். பொன்னுரங்கம் அதை இரண்டு முறை படித்தார். தம்மைப் 'போதும்' என்று யாரும் அதுவரை சொன்னதில்லை.

கிளை அலுவலகத்தில் ஒரு மேசை, ஒரு பிள்ளையார் படம், தாட்சாயிணி என்று ஒரு பெண். அவள் வாடிக்கையாளர் உறவு அலுவலர். உறவு என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள்.

"டெபாசிட் கேக்குறது வாடிக்கையாளரை அவமானப்படுத்துறது சார். எங்க எம்.டி. சுப்புரத்தினம் சார் அதுல ரொம்பத் தெளிவா இருக்காரு. உங்க எஸ்.எஸ்.எல்.சி. ஒரிஜினல், ரேஷன் கார்டு ஒரிஜினல், கல்யாண போட்டோ, இதெல்லாம் குடுத்துட்டுப் போங்க."

"இதெல்லாம் டெபாசிட் இல்லியாம்மா?"

தாட்சாயிணியின் முகம் வாடிவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்க சார். இது உங்க ஞாபகமா நாங்க வெச்சுக்கிறது."

"கல்யாண போட்டோ எதுக்கு?"

"பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னு பாப்போம். ஒருத்தருக்குப் பக்கத்துல நிக்கிறவங்கள வெச்சுத்தான் சார் அவரை எடை போட முடியும்."

கேட்டதெல்லாம் கொடுத்தார். சட்டைப்பையிலிருந்து லைசென்ஸையும் எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் அதை அவர் பக்கமே நகர்த்திவிட்டாள். "இது வேணாம் சார். நீங்களே வெச்சுக்குங்க."

அடுத்த வாரம் வீட்டுக்கு கொளஞ்சியப்பன் என்ற கள அலுவலர் வந்தார். மோர் கொடுத்தார்கள், குடித்தார். பிறகு எழுந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து, அது தானாக மூடிக்கொள்கிறதா என்று பார்த்தார். பொன்னுரங்கத்தின் மொபெட்டின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு தெருவுக்குப் போய் வரிசையாக நான்கு வீட்டில் விசாரித்தார். "எதிர்வீட்டுக்காரரு குடையை எரவல் வாங்குனா ஒடனே திருப்பித் தருவாரா? அப்படியே தருவாரா, காய வெச்சுத் தருவாரா?"

அன்று சாயங்காலமே எதிர்வீட்டு ராசம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். "ஏம்மா மங்கலம், உங்க வூட்டுக்காரரு மேல எதாச்சும் கேசா? நாங்க நல்லவிதமாத்தான் சொன்னோம்."

பத்து வருடம் அந்தத் தெருவில் குடியிருந்த பொன்னுரங்கம் நல்லவரா என்ற கேள்வி அதுவரை தெருவில் யாருக்கும் வந்ததில்லை. அதன்பிறகு வந்தது. பால்காரர்கூட அவரை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவது கட்டம் நம்பிக்கைப் பயிற்சி. அதற்குச் சிதம்பரத்தில் தலைமை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். கீழவீதியை ஒட்டிய சந்தில் ஒரு மாடி. அங்கே ராஜகணேஷ் இருந்தார். முதன்மை நம்பிக்கை அலுவலர். நெற்றியில் விபூதி, கழுத்தில் அடையாள அட்டை. பேசும்போது கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம் உள்ளவர்.

"சார், டெபாசிட்னா என்ன? ஒன்னை நான் நம்பலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றது. நாங்க அப்படிச் சொல்ல மாட்டோம். பின்னாடி விசாரிச்சுத் தெரிஞ்சுப்போம். அதுதான் பண்பாடு. இன்னொண்ணு, டெபாசிட் வாங்குனா ஒருநாள் திருப்பிக் குடுக்கணும். அதுல எவ்ளோ மனக்கசப்பு. எங்களுக்கு அந்த அனுபவம் ஜாஸ்தி சார். முன்னாடி நிதி கம்பெனிதான் நடத்துனோம். டெபாசிட் வாங்குறது சொகமா இருந்துச்சு. திருப்பிக் குடுக்குற எடத்துலதான் ஜனங்க மாறிப்போயிட்டாங்க. அப்பவே எங்க எம்.டி. முடிவு எடுத்துட்டாரு, இனிமே யாருகிட்டயும் டெபாசிட் வாங்கக் கூடாதுன்னு. கோர்ட்டும் அதையேதான் சொல்லிச்சு."

பொன்னுரங்கம் தலையாட்டினார். பெரிய மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு பேசும்போது அவருக்குத் தலையாட்டித்தான் பழக்கம்.

பயிற்சி சுலபமானது. கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, அப்படியே பின்னால் சாய வேண்டும். பின்னால் கொளஞ்சியப்பன் நின்று பிடித்துக்கொள்வார். பொன்னுரங்கம் கண்ணை மூடினார். சாய்ந்தார். அதே சமயத்தில் கொளஞ்சியப்பனுக்கு போன் வந்தது.

தரையில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தவரிடம் ராஜகணேஷ் கைகுலுக்கினார். "பாஸ் சார் நீங்க."

"அவரு புடிக்கலியே சார்."

"நீங்க எங்களை நம்புறீங்களான்னுதான் சார் பாத்தோம். புடிக்கணும்னு விதி எதுவும் இல்ல."

ஒரு வாரம் அவர் பள்ளிக்கூடத்தில் ஒருக்களித்தபடிதான் உட்கார்ந்தார். மங்கலம் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தாள். "வேணாங்க, வுட்டுடுங்க. பஸ்ஸுலயே போலாம்" என்றாள். "இவ்ளோ தூரம் வந்தாச்சு. இனி சாட்சி மட்டும்தான் பாக்கி" என்றார் அவர். தெருவே பார்த்துவிட்ட பிறகு பாதியில் விட்டால் என்னவோ கெட்டது கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை.

மூன்று சாட்சிகள் வேண்டும். கூட வேலை செய்பவர் ஒருவர், உறவினர் ஒருவர். மூன்றாவதாக, அவரைப் பிடிக்காதவர் ஒருவர்.

"வேண்டப்பட்டவங்க பொய் சொல்லுவாங்க சார்" என்று தாட்சாயிணி விளக்கினாள். "உங்களைப் புடிக்காதவங்க சொல்றதுதான் எங்களுக்கு முக்கியம். எல்லாருக்கும் ரெண்டு மூணு பேராவது இருப்பாங்களே."

கூட வேலை செய்பவருக்கு சார்லஸ் இருந்தார். பக்கத்து மேசை. பல வருடமாக இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டைப் பங்கிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். உறவினருக்கு அருள்முருகன் இருந்தான். சிதம்பரம் மேலவீதிப் பக்கம் செல்போன் கடை வைத்திருந்தான். அப்பா இல்லாத பையன். பொன்னுரங்கத்தின் வீட்டில் தங்கி, அவர் செலவில் காலேஜ் படித்தவன். பிடிக்காதவருக்குத்தான் பொன்னுரங்கம் இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் சிதம்பரம் போய், அங்கிருந்து குமராட்சிக்கு மினிபஸ் ஏறினார்.

பழனிவேல் அவருக்குப் பங்காளி. வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்று வெகு காலம். பொன்னுரங்கத்தின் அப்பா இறந்தபோதுகூட வந்து தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மின்சாரம் எப்போது வரும் என்று மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் மாவட்டமே அப்படித்தான் உட்கார்ந்திருந்தது.

"என்னா" என்றார்.

பொன்னுரங்கம் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். பழனிவேல் கடைசிவரை கேட்டார்.

"அப்ப, ஒன்னைப் புடிக்காதவன்னு ஒரு ஆளு வேணும். அதுக்கு என்னைத் தேடி வந்திருக்கிற."

"வேற யாரும் இல்லண்ணே."

"நாப்பது அம்பது வருசத்துல ஒரு ஆளுதான் சம்பாரிச்சியா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மோட்டாரைப் பார்த்தார். "பஸ் காசு யாரு குடுப்பா?"

"நான் குடுக்குறேண்ணே."

"சரி. வரேன். ஆனா ஒன்கூடப் பேசிக்கிட்டெல்லாம் வர மாட்டேன்."

சாட்சி விசாரணை நடந்த அன்று எல்லோரும் சிதம்பரத்து மாடியில் கூடினார்கள். பழனிவேல் சொன்னபடியே தனியாக வந்து, தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். ராஜகணேஷின் அறைக்கும் காத்திருக்கும் அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. உள்ளே பேசுவது ஒன்றும் கேட்காது. தலைக்கு மேலே ஒரு ஃபேன் லாரி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

சார்லஸ் உள்ளே போனார். கரண்ட் போனது. ஃபேன் நின்றது.

"நல்ல மனுசந்தான் சார்" என்று சார்லஸின் குரல் துல்லியமாகக் கேட்டது. "ஆனா ஸ்டேப்ளர் வாங்குனா திருப்பித் தர மாட்டாரு. கேட்டா, இது என்னுதுன்னுவாரு. அது ஆபீஸ் ஸ்டேப்ளருதான், இருந்தாலும் நானும் அதை எவ்ளோ நாளாப் பாத்துக்கிட்டிருக்கேன். அப்புறம் சாப்பாடு. என்னோட கொழம்பைத்தான் அவரு ஜாஸ்தி எடுத்துப்பாரு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

பொன்னுரங்கம் எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருள்முருகனும் காலண்டரைப் பார்த்தான். வெளியே வந்த சார்லஸ், "நல்லாச் சொல்லியிருக்கேன்" என்று பொன்னுரங்கத்தின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்து பழனிவேல்.

"அவுங்க அப்பன் வரப்பை வெட்டுனான். இவன் வெட்டல. ஆனா அப்பனுக்குப் பரிஞ்சு பேசுனான். அதனால பேசறதில்ல" என்றது அவர் குரல்.

"அவரை நம்பி வண்டி குடுக்கலாமா?"

"குடுங்க. கொண்டாந்து விட்டுடுவான். தொடச்சு வேற விடுவான்."

"அய்யா, நீங்க அவருக்கு வேண்டாதவரு. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்னா இருக்குது? பேசறதில்லங்கறது வேற, இது வேற."

"இப்படி நல்லபடியாச் சொன்னா நீங்க பிடிக்காதவரு வகைக்குள்ளயே வர மாட்டீங்கய்யா. உங்க சாட்சி செல்லாது."

"அப்ப எனக்கு அவனைப் புடிக்குங்கிறியா?" என்று பழனிவேல் கோபமாகக் கேட்டார். வெளியே வந்து, பொன்னுரங்கத்தைப் பார்க்காமலேயே படியிறங்கிப் போனார். பஸ் காசை வாங்கிக்கொள்ளவில்லை.

அருள்முருகன் எழுந்தான். "பயப்படாதீங்க மாமா, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். கரண்ட் இன்னும் வரவில்லை.

"உக்காருங்க தம்பி. ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன்" என்றார் ராஜகணேஷ். "உறவைப் பத்தி மறைக்காமச் சொல்றவங்களை எங்க கம்பெனி பிளாட்டினம் உறவுன்னு சேத்துக்கும். அவுங்களுக்கு எந்த விசாரணையும் இல்லாம வண்டி குடுப்போம். சொந்தக்காரரையே விட்டுக் குடுக்குறவரு நம்மகிட்ட எதையும் மறைக்க மாட்டாரு, பாருங்க. அதான் கணக்கு. சொல்லுங்க, மாமா எப்படி?"

நாற்காலி கிரீச்சிட்டது.

"நல்லவருதான் சார். என்னைப் படிக்க வெச்சாரு." மறுபடி நாற்காலி கிரீச்சிட்டது. "ஆனா கொஞ்சம் ஊதாரி சார். கையில காசு நிக்காது."

"அவரு சம்சாரம் அவரை நம்புறாங்களா?"

"அதெல்லாம் நான் எப்படி சார் சொல்றது?"

"சொல்லாம இருக்கிறதும் ஒரு பதில்தான் தம்பி. எழுதிக்கிறேன்."

"இல்ல சார், இருங்க. அக்காவோட நகையெல்லாம் எங்க வூட்டுலதான் இருக்குது. அவரு கையில சிக்கக் கூடாதுன்னு அக்காவே கொண்டாந்து குடுத்துச்சு. அவருக்குத் தெரியாது. பேங்க் லாக்கர்ல இருக்குதுன்னு நெனச்சிக்கிட்டிருக்காரு."

"பாத்தீங்களா" என்றார் ராஜகணேஷ். அவர் கண்ணை மூடிக்கொண்டது தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தே தெரிந்தது. "சொந்த அக்காவே நகையை நம்பிக் குடுத்திருக்காங்க. உங்களைவிடத் தகுதியான ஆளு யாரு?"

கரண்ட் வந்தது. ஃபேன் மறுபடி ஓட ஆரம்பித்தது. பொன்னுரங்கம் எழுந்து, படியிறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். வழியில் தேர் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். எதற்கு நின்றோம் என்று தெரியாமல் மறுபடி நடந்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி பஸ்ஸில் வரும்போது வந்தது. 'உங்கள் மேல் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. உங்களைச் சுற்றி இருப்பவர்களுக்கு இல்லை' என்று அதில் இருந்தது.

வீட்டில் மங்கலம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றாமலேயே கேட்டார்.

"நகை எங்க இருக்குது?"

குழாயை மூடினாள். திரும்பவில்லை. "யாரு சொன்னா?"

"அருளு. என்கிட்ட சொல்லல. கம்பெனியில சொன்னான்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். "அருளு காலேஜ் பீஸுக்கு என் சங்கிலியைக் கேட்டீங்க. கழட்டிக் குடுத்தேன். அப்புறம் உங்க அண்ணன் மவன் வெளிநாடு போறான்னு வளையலைக் கேட்டீங்க. அதையும் குடுத்தேன். ரெண்டும் திரும்பி வரல. நீங்க கெட்டவருன்னு சொல்லலங்க. எவன் வந்து கண்ணுல தண்ணி விட்டாலும் கழட்டிக் குடுத்துடுவீங்க. மிச்சம் இருக்கிறதாவது எழிலுக்கு இருக்கட்டும்னுதான்."

"என்கிட்ட, குடுக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன புடுங்கிட்டா போயிருப்பேன்?"

"சொல்லியிருந்தா உங்க மூஞ்சி போற போக்கை யாரு பாக்கறது?"

"அதுக்குத் தம்பி வூடா?"

"அவன் என்கூடப் பொறந்தவன்."

"அப்ப நான் யாரு?" என்று கேட்டார் பொன்னுரங்கம். அவர் குரலில் கோபம் இல்லை. ஏதோ விண்ணப்பத்தில் விட்டுப்போன விவரத்தைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். மங்கலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழமை போயி எடுத்துட்டு வந்துடுறேன். நீங்களே வெச்சிக்குங்க" என்றாள்.

"எனக்கு வேணாம்" என்றார் அவர். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு போவதில்லை என்றுதான் இருந்தார். கிளம்பும் நேரத்தில் அவள் வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். அவரும் சட்டையை மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் இரண்டு பேர் இருக்கையில் உட்கார்ந்து, சிதம்பரம் வரைக்கும் ஒன்றும் பேசாமல் போனார்கள்.

அருள்முருகனின் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. முன்னால் மாலை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அருள்முருகனின் பெண்டாட்டி ஜெயராணி முறுக்கு டப்பாவை முன்சீட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தன.

"மாமா வாங்க. அக்கா வா" என்றான் அருள்முருகன். அவனுக்கு வியர்த்தது. "தப்பா நெனைக்காதீங்க மாமா. உண்மையைத்தான் சொல்லணும்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. பிளாட்டினம் உறவுன்னு ஒண்ணு. அவுங்களே கூப்பிட்டு வண்டியைக் குடுத்துட்டாங்க. புள்ளைங்களும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"எங்க போறீங்க?" என்று கேட்டாள் மங்கலம்.

"ஏற்காடு" என்றது பெரிய பிள்ளை.

மங்கலம் தம்பியைப் பார்த்தாள். "என் நகையை எடுத்தா அருளு. நாங்க கெளம்பறோம்."

"நகை பத்திரமா இருக்குதுக்கா."

"எங்க?"

"அடகுக் கடையிலக்கா. அதைவிடப் பத்திரமான எடம் ஏது? வூட்டுல வெச்சா திருட்டு பயம்." அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. "புயல்ல கடையில தண்ணி பூந்து சரக்கெல்லாம் போயிடுச்சுக்கா. ஒருத்தரும் ஒதவல. சொன்னா நீ கஷ்டப்படுவேன்னுதான் சொல்லல. மெள்ள மீட்டுடுவேன். என்னை நம்ப மாட்டியா?"

மங்கலம் அவனைத் தாண்டிப் போனாள். காரின் பின்கதவைத் திறந்தாள். பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அக்கா, நீயும் வரியா?" என்று கேட்டான் அருள்முருகன். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"நகை வந்தாத்தான் எறங்குவேன். அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்" என்றாள் கண்ணாடி வழியாக.

தெருவில் கூட்டம் சேர்ந்தது. அருள்முருகன் கெஞ்சினான். ஜெயராணி முதலில் கத்தினாள், பிறகு அழுதாள். பிள்ளைகள் அத்தையின் மடியில் முறுக்குத் தின்ன ஆரம்பித்தன. அந்த வெயிலில் கார் ஒரு அடுப்பு மாதிரி காய்ந்தது. பொன்னுரங்கம் பக்கத்துக் கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள். வேறு வழி இல்லாமல் அருள்முருகன் கம்பெனிக்கு போன் பண்ணினான்.

ராஜகணேஷ் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஜன்னலுக்குப் பக்கத்தில் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா, நீங்க பண்றதுக்குப் பேரு என்ன தெரியுமா? டெபாசிட். எங்க வண்டியை நீங்க டெபாசிட்டாப் புடிச்சு வெச்சிருக்கீங்க. எங்க கம்பெனியோட அடிப்படைக் கொள்கைக்கே விரோதம் இது. மனுசனை மனுசன் நம்பணும்மா. தம்பியை நம்புங்க."

"நம்பித்தான் குடுத்தேன்" என்றாள் மங்கலம்.

"அது வேற விஷயம். அது குடும்ப விஷயம். தயவுசெஞ்சு எறங்குங்க. வண்டி நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள வேணும்."

"ஏன் சார்? நாலு நாளைக்குன்னு சொல்லித்தான குடுத்தீங்க?" என்றான் அருள்முருகன்.

ராஜகணேஷ் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். அப்படியும் எல்லோருக்கும் கேட்டது. "வண்டி கம்பெனியோடது இல்ல தம்பி. வெளிநாடு போன ஒரு டாக்டரோடது. வரவரைக்கும் பாத்துக்கங்கன்னு எம்.டி.கிட்ட விட்டுட்டுப் போனாரு. இப்ப திடீர்னு டிக்கெட்டை மாத்திக்கிட்டு நாளைக்கே வராரு."

"அவருகிட்ட சொல்லிட்டுத்தான் வாடகைக்கு விடறீங்களா?" என்று பொன்னுரங்கம் கேட்டார். அன்றைக்கு அவர் அதுவரை வாய் திறக்கவே இல்லை.

"எதுக்கு சார் சொல்லணும்? அவரு எங்களை முழுசா நம்புறாரு" என்றார் ராஜகணேஷ்.

பிறகு அருள்முருகனின் பக்கம் திரும்பினார். அவர் கண் மூடிக்கொள்ளவே இல்லை. வண்டி நாளைக்குள் வராவிட்டால் போலீசுக்குப் போக வேண்டியிருக்கும் என்றும், வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் என்று அருள்முருகனின் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சுருக்கமாகச் சொன்னார். பிளாட்டினம் உறவு அத்தோடு முடிந்தது.

அருள்முருகன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். ஜெயராணிதான் எழுந்தாள். கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றினாள். கொக்கி சிக்கிக்கொண்டது; கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முயன்று கழற்றினாள். அதை அவன் மடியில் போட்டாள். "இதை வெச்சிட்டு அதை எடுத்துக்கிட்டு வந்து குடு."

மங்கலம் காருக்குள்ளிருந்து அதைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. ஏதோ சொல்லப்போகிறாள் என்று பொன்னுரங்கம் நினைத்தார். சொல்லவில்லை.

அருள்முருகன் திரும்பி வரும்போது மதியம் தாண்டிவிட்டது. ஒரு சுருக்குப் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தான். தோடும் மோதிரங்களும் மிச்சமிருந்த ஒரு ஜோடி வளையலும் இருந்தன. அட்டிகை இல்லை. அது போன மாதமே முழுகிப்போய்விட்டதாகச் சொன்னான். சொல்லும்போது அவன் அக்காவைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தான். மாமா ஏதாவது சொல்லி அக்காவைச் சமாதானப்படுத்துவார் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. பொன்னுரங்கம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுருக்குப் பையைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மங்கலம் இறங்கினாள். பிள்ளைகளையும் இறக்கினார்கள். ராஜகணேஷ் மாலையைக் கழற்றித் தெருவில் போட்டார். வண்டிக்குள் சிந்தியிருந்த முறுக்குத் துணுக்குகளைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு, ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

பொன்னுரங்கம் ஜன்னல் அருகே போனார். "சார், என் எஸ்.எஸ்.எல்.சி., ரேஷன் கார்டு, கல்யாண போட்டோ."

"ஹெட் ஆபீஸ்ல பத்திரமா இருக்கு சார்" என்றார் ராஜகணேஷ், சாவியைத் திருப்பியபடி. "எங்களை நம்புங்க."

எலுமிச்சம்பழங்கள் நசுங்க, கார் கிளம்பிப் போனது.

ஜெயராணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அருள்முருகன் இன்னும் படியிலேயே இருந்தான். "சாப்ட்டுட்டுப் போலாம் மாமா" என்றான். அவன் அதைச் சும்மா சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னான் என்பதுதான் பொன்னுரங்கத்துக்குத் தாங்கவில்லை. "இருக்கட்டும் மச்சான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கடலூர் பஸ்ஸில் கடைசிக்கு முந்தின இருக்கைதான் கிடைத்தது. பரங்கிப்பேட்டைக் கூட்டு ரோடு தாண்டியதும் மங்கலம் பேசினாள்.

"அட்டிகை போனதுல எனக்கு வருத்தம் இல்லங்க."

"ம்."

"உங்ககிட்ட கேக்காமக் குடுத்தது தப்புதான்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். புயலில் ஒடிந்த மரங்களின் அடிக்கட்டைகளில் துளிர் விட்டிருந்தது. சரி என்று சொல்ல வேண்டும் போலவும் இருந்தது, சொல்லக் கூடாது போலவும் இருந்தது. சொல்வதற்குள் அவள் தூங்கிப்போனாள். வெயிலில் காருக்குள் அத்தனை நேரம் இருந்த களைப்பு. தலை அவர் தோளில் சாய்ந்தது. இத்தனை வருடத்தில் பொது இடத்தில் அவள் அப்படிச் சாய்ந்ததில்லை. அவர் அசையாமல் உட்கார்ந்தார்.

கண்டக்டர் டிக்கெட்டுக்கு வந்தார். பணம் எடுக்க வேண்டும். சட்டைப்பை அவள் தலைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அவளை எழுப்ப வேண்டாம் என்று அவள் மடியிலிருந்த கைப்பையை மெல்ல எடுக்கப் போனார். சில்லறை அதில்தான் இருக்கும்.

தூக்கத்திலேயே மங்கலம் பையை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். தலை மட்டும் அவர் தோளிலேயே இருந்தது.

"அப்புறமா வந்து வாங்கிக்கிறேன் சார், தூங்கட்டும்" என்றார் கண்டக்டர்.